நற்சான்றுத் தாளும் கைத்திறனும்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கட்கியிலிருந்து பெரியவர் ஒருவர் தம் மகளுடன் நம் இல்லத்துக்கு வந்திருந்தார். படைத்துறைக் கிடங்கு ஒன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர்; நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு ஆண்டு தவறாமல் வருகிறவர். காப்பி அருந்தி, ஊர்ச் செய்திகள் பேசி முடிந்ததும், சட்டைப் பையிலிருந்து வழவழப்பான அச்சுத்தாள் ஒன்றை எடுத்து நம் முன் விரித்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். என் பெண் பி.எஸ்ஸி. முடித்து ஓராண்டு ஆகிறது. தொழில்நுட்ப எழுத்து என்று ஒரு வேலை இருக்கிறதாம். இவர்கள் நான்கு மாதம் பயிற்சி கொடுத்து, அமெரிக்கச் சங்கம் ஒன்றின் சர்ட்டிபிகேட்டுக்குத் தயார் செய்வார்களாம். கட்டணம் எண்பதாயிரம் ரூபாய். முன்பணம் ஐயாயிரம் கட்டிவிட்டேன். மீதிக்கு இவள் அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன். அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

அதுவரை வாய் திறவாதிருந்த அப்பெண், "அண்ணா, சங்கிலியை வைத்துப் படிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் தாள் ஏதும் இல்லாமல் போனால் என்னை யார் உள்ளே விடுவார்கள்?" என்றாள்.

இரண்டு கேள்விகளும் நியாயமான கேள்விகளே. நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர். இரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவாக உயர்ந்தவர். அமெரிக்கச் சங்கத்தின் தாளுக்கு மதிப்புக் கூற நமக்கு என்ன தகுதி உண்டு என்று ஐயுற்றோம். "ஒரு வாரம் தாருங்கள் ஐயா, விசாரித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பி வைத்தோம். அந்த ஒரு வாரத்தில் விசாரித்ததையும் எண்ணியதையும் இத்திங்கள் அன்பர்கள் முன் வைக்கின்றோம். பெரியவரின் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அன்று. புனேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் இன்றோ நாளையோ இக்கேள்வியைக் கேட்கத்தான் போகின்றன.

*

சொந்த ஊரில் இருப்பவனுக்குத் தாள் அத்துணைத் தேவையில்லை. "இன்னாருடைய மகன், கணக்கில் கெட்டி, கை சுத்தம்" என்று சொல்லத் தெருவில் நால்வர் இருப்பர். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு அந்த நால்வர் இல்லை. அவனை அறியாதவரிடம் அவனுக்காகப் பேச ஒரு தாள்தான் உண்டு. ஆதலின் புலம்பெயர்ந்தோர் சான்றிதழைப் பெரிதாக மதிப்பதில் வியப்பில்லை. அதே காரணத்தால் சான்றிதழின் பெயரால் எளிதில் ஏமாறுகின்றவர்களும் நாமே.

நம் தந்தையார் கும்பகோணத்திலிருந்து புனேக்கு வந்தபோது தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தவை இரண்டு சான்றிதழ்கள்: ஆங்கிலத் தட்டெழுத்தில் ஹையர், சுருக்கெழுத்தில் லோயர். இராஸ்தா பேட்டையில் நண்பர் ஒருவரின் அறையில் தங்கி, மறுவாரமே தனியார் அலுவலகம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். மராத்தி ஒரு சொல்லும் அறியாதவரை ஏன் ஏற்றுக்கொண்டனர்? அத்தாளைக் கண்டவர்க்கு அதன் பின்னால் நிற்கும் தேர்வு இன்னது என்று தெரியும்.

அத்தேர்வை நம் பெற்றோர் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை இன்றும் அதனை நடத்தி வருகிறது. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்ற வேகம் வேண்டும். வேகம் மட்டும் போதாது. கடிதம், அட்டவணை ஆகியவற்றை முறைப்படி அமைத்துக் காட்ட வேண்டும். பிழை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறையும். பயிற்சி தந்த இன்ஸ்டிட்யூட்காரர் தம் தட்டெழுத்துப் பொறிகளை வண்டியில் ஏற்றித் தேர்வு நடக்கும் இடத்துக்குக் கொண்டு செல்வார். பொறி அவருடையது, ஆயினும் தேர்வு அவருடையது அன்று. கற்பித்தவர் ஒருவர், சோதித்தவர் வேறொருவர். மணி அடித்ததும் மாணவன் விரல்களால் வேலையைச் செய்தே காட்ட வேண்டும். தட்டெழுத்தைப் பற்றி அவன் என்ன அறிவான் என்று எவரும் வினவுவதில்லை.

இவ்வூரிலும் அத்தகைய தேர்வு உண்டு. மகாராஷ்டிர மாநிலத் தேர்வு மன்றத்தின் தலைமை இடம் நம் புனேயே. அம்மன்றம் நடத்தும் அரசு வணிகச் சான்றிதழ்த் தேர்வில் தட்டெழுத்துப் பொறிகளுக்குப் பதிலாகக் கணினிகள் வந்துவிட்டன. 1955ஆம் ஆண்டில் தட்டெழுத்துப் பொறி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 2009ஆம் ஆண்டோடு அத்தொழிலை நிறுத்திக்கொண்டது. பொறி மறைந்தது, தேர்வு மறையவில்லை. நிமிடத்துக்கு 30, 40 சொல் என்ற அளவுகோல் கணினியிலும் நிலைத்திருக்கிறது. நாமும் குமாஸ்தா பதவிக்கு அந்த 30 சொல்லைத் தட்டிக் காட்டியே வந்தோம்.

*

இனித் தொழில்நுட்ப எழுத்து என்பது யாது? கதை எழுதுவதன்று, விளம்பரம் எழுதுவதன்று. ஒரு பொருளை அல்லது பொறியை எவ்வாறு இயக்குவது, எவ்வாறு பழுது பார்ப்பது, எதைச் செய்தால் ஆபத்து என்பதை, அதனைக் கையாள்பவன் பிழையின்றிச் செய்யும் வண்ணம் எழுதித் தருவதே அத்தொழில்.

நம் ஊரிலிருந்தே எடுத்துக்காட்டுக் கூறலாம். 2021ஆம் ஆண்டில் ஹடப்சரிலுள்ள சீரம் நிறுவனத்திலிருந்து கோவிஷீல்டு தடுப்பூசிக் குப்பிகள் நாடெங்கும் சென்றன. பத்துப் பேருக்குரிய குப்பி, ஒருவருக்கு 0.5 மில்லி லிட்டர். 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைத்திருத்தல் வேண்டும். திறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இந்த நான்கு செய்திகளும் சின்னஞ்சிறு எழுத்தில் அச்சிடப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியின் கையை அடைந்தன. மருந்தைக் கண்டுபிடித்தவர்களின் புகழை நாடு அறியும். அந்நான்கு செய்திகளை ஐயத்துக்கு இடமின்றி எழுதியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. எழுத்துப் பிழைத்திருந்தால் மருந்தும் பயன்படாமல் போயிருக்கும்.

நம் இரயில்வேயோ எழுத்தின் மேலேயே ஓடுகிறது என்று கூறினும் மிகையாகாது. 1976ஆம் ஆண்டின் பொது விதிகள், தமக்கு அளிக்கப்பட்ட விதிநூலை எல்லாத் திருத்தங்களோடும் வைத்திருத்தல் ஊழியரின் கடமை என்கின்றன. திருத்தச் சீட்டுகள் ஒட்டி ஒட்டிப் பருத்துப்போன விதிநூலை நம் அலுவலகங்களில் காணலாம். நிலையந்தோறும் அந்நிலையத்துக்கே உரிய பணி விதிகள் உண்டு. புதிதாக வரும் நிலைய அதிகாரி எத்துணை அனுபவசாலியாயினும், அவற்றைப் படித்து உணர்ந்தேன் என்று உறுதிமொழி ஏட்டில் கையொப்பம் இட்ட பின்னரே தனித்துப் பொறுப்பேற்கிறார். ஓட்டுநருக்கும் நிலைய அதிகாரிக்கும் தரப்படும் தகுதிச் சான்று ஒரு முறை பெற்று வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்வதன்று. குறித்த காலத்துக்கு ஒருமுறை பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பிச் சென்று மீண்டும் தேற வேண்டும்.

எழுத்துப் பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு துயரத்தையும் கூறவேண்டியுள்ளது. 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஒடிசாவின் பாகாநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி கிளைப்பாதையில் திரும்பி, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. சைகை இணைப்புகளில் முன்னர்ச் செய்த மாற்றங்களில் நேர்ந்த குறைகளும், அவற்றால் விளைந்த தவறான கம்பி இணைப்புமே காரணம் என்று பாராளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இணைப்புப் பெட்டியின் முனைகளில் எழுதப்பட்டிருந்த பெயர்க்குறிகள் உள்ளே இருந்த கம்பிகளுக்கு ஒவ்வாமல் இருந்தமையும் விசாரணையில் வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் எழுதிய சில எழுத்துகள்! எழுதியதும் உண்மையும் வேறுபட்டு நின்றதை எவரும் சரிபார்க்கவில்லை. பொறுப்பு பலருடையது, வழக்கும் நடக்கிறது. ஆயினும், தொழில்நுட்ப எழுத்து வெறும் காகித வேலை என்று எண்ணுவோர் அப்பெட்டியை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பாராக.

*

இத்தகைய வேலைக்குச் சான்றிதழ் வேண்டாவா எனின், வேண்டும் என்றே தோன்றும். அத்தொழிலில் இருப்போரும் பல்லாண்டாக அவ்வாறே எண்ணி வந்தனர். 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் தொழில்நுட்ப எழுத்தாளர் சங்கங்கள் தோன்றின. அவை பின்னர் ஒன்றாயின. வேறொரு சங்கமும் வந்து சேர்ந்தது. 1971ஆம் ஆண்டில் தொழில்நுட்பத் தகவல் தொடர்புச் சங்கம் என்னும் பெயரை ஏற்றன. ஆங்கில எழுத்துகளால் அதனை எஸ்.டி.சி. என்பர். இந்தியாவிலும் அதற்குக் கிளை உண்டாயிற்று.

அச்சங்கம் தன் உறுப்பினருக்குச் சான்றிதழ் வழங்க இரு முறை முயன்றது. முதல் முறையில், விண்ணப்பித்தவர் தாம் செய்த வேலைகளைத் தொகுத்து அனுப்ப வேண்டும். அறிந்தோர் அவற்றை மதிப்பிடுவர். அம்முறை நெடுநாள் நிலைக்கவில்லை. 2016ஆம் ஆண்டில் தேர்வு முறையில் மீண்டும் தொடங்கினர். அடிப்படை நிலை, தொழிலர் நிலை, வல்லுநர் நிலை என மூன்று படிகள். அடிப்படை நிலைக்கு ஒன்பது துறைகளில் அறிவு வேண்டும். வேலையைத் திட்டமிடல், படிப்பவரின் தேவையை ஆராய்தல், செய்தியைத் திரட்டல், அதனை ஒழுங்குபடுத்தல், எழுதுதல், படங்களால் விளக்குதல், சரிபார்த்துத் திருத்தல், எழுதியவற்றைப் பேணி ஆளுதல், உரிய வடிவில் கொண்டு சேர்த்தல் என்பன அவை. இப்பட்டியலைப் படித்தபோது நமக்கு ஒன்று விளங்கியது. ஒன்பதில் எழுதுதல் ஒன்றே ஒன்று. மற்ற எட்டும் எழுதுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை. இதை அறிந்துகொள்வதே பாதிக் கல்வியாகும்.

ஆனால் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அச்சங்கம் பொருள் முடையால் தன் பணிகளை நிறுத்துவதாகவும் திவால் மனு செய்வதாகவும் அறிவித்துவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற சங்கம் ஒரு நாளில் மூடப்பட்டது.

பெரியவர் கொணர்ந்த அச்சுத்தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அதில் குறித்திருந்தது அந்தச் சங்கத்தின் பெயரே! மூடிப்போன சங்கத்தின் சான்றிதழுக்கு ஆயத்தம் செய்வதாகச் சொல்லிப் பயிற்சி நிலையம் ஒன்று இன்னும் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறது. அறியாமையோ வஞ்சகமோ, நாம் அறியோம். எவ்வாறாயினும், போகவிருந்தது ஒரு தாயின் கழுத்துச் சங்கிலி.

*

ஆகவே சான்றிதழ் எல்லாம் பயனற்றவை என்று முடிவு கட்டுதல் பொருந்துமா? பொருந்தாது. நம் தந்தையாரின் இரண்டு தாள்களால் எம் குடும்பம் உண்டது. மூடிய சங்கத்தின் தாளை முன்பே நேர்மையாகத் தேறிப் பெற்றவரின் அறிவும் சங்கத்தோடு மறைந்துவிடவில்லை. ஆனால் தாளின் மதிப்பு தாளில் இல்லை. அதன் பின்னால் நடந்த சோதனையில் இருக்கிறது. இதனை நாம் அறிந்துகொண்டது படிப்பால் அன்று, செய்த பிழையால்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் அப்போது இருந்த அலுவலகத்தில், தொழிலாளரின் பிள்ளைகளுக்குரிய கல்விப் படி பற்றி ஓர் அறிவிப்பு எழுதும் பணி நமக்கு வந்தது. நல்ல ஆங்கிலத்தில் எழுதினோம். அப்படி எண்ணித்தான் மகிழ்ந்தோம். "முன்னரே விண்ணப்பித்தவர், விவரங்களில் மாறுதல் இருந்தாலன்றி, மீண்டும் விண்ணப்பிக்க வேண்டுவதில்லை" என்னும் பொருளில் நீண்ட வாக்கியம் ஒன்று அமைத்தோம். பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போவதும் மாறுதலே என்பது நம் கருத்து. அதை எழுதவில்லை. பதினொரு பேர் தமக்கு வேலையில்லை என்று வாளா இருந்துவிட்டனர். படி வருவதற்குப் பல திங்கள் தாமதமாயிற்று. அவர்களுள் ஒருவர் மகளின் விடுதிக் கட்டணத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கினார் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவரைத் தேடிச் சென்று வருத்தம் தெரிவித்தபோது, அவர் சினந்துகொள்ளவில்லை. "தாளைப் படித்தேன் பாவு; எனக்கென்று எழுதியதாகத் தோன்றவில்லை" என்று மராத்தியில் கூறினார். அச்சொல் இன்றும் நம் செவியில் இருக்கிறது.

நிமிடத்துக்கு 30 சொல் தட்டுவோம் என்பதற்கு நம்மிடம் சான்று இருந்தது. படிப்பவனுக்கு விளங்குமாறு எழுதுவோம் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. அதனை எவரும் சோதித்ததும் இல்லை. அன்று முதல் எந்த அறிவிப்பையும் ஒட்டுவதற்கு முன்னர், அச்செய்தியை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் செய்து, "இதன்படி நீர் என்ன செய்வீர்?" என்று கேட்கிறோம். மராத்தி அறிந்த நண்பரின் உதவியால் அவர்கள் மொழியிலும் நான்கு வரி எழுதி இணைக்கிறோம். நம் முதல் ஆசிரியர் அந்தத் தொழிலாளரே.

*

ஆதலின் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்னர் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். இவை தொழில்நுட்ப எழுத்துக்கு மட்டுமல்ல. நம் பிள்ளைகள் நாடும் எத்தொழிலுக்கும் பொருந்தும்.

முதலாவது, சோதிப்பவர் யார்? கற்பிப்பவரே சோதித்து அவரே தாளும் கொடுப்பாராயின், அது கட்டணம் பெற்றதற்கு ரசீது; தேர்வுக்குச் சான்று ஆகாது. சோதிக்கும் மன்றம் இன்று இருக்கிறதா என்பதை அம்மன்றத்திடமே கேட்டு அறிக. அச்சுத்தாளை நம்பற்க.

இரண்டாவது, எவ்வாறு சோதிக்கிறார்? நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் தேர்வு அறிவை அளக்கும், அதுவும் வேண்டுவதே. ஆனால் வேலையைச் செய்யச் சொல்லிப் பார்க்கும் தேர்வே கையை அளக்கும்.

மூன்றாவது, எத்துணைக் காலம் செல்லும்? இரயில் ஓட்டுநர் மீண்டும் மீண்டும் தேறுகிறார். என்றும் புதுப்பிக்க வேண்டாத சான்றிதழ் பழைய திருத்தங்களோடு நின்றுபோன விதிநூலை ஒக்கும்.

நான்காவது, அதனைக் கேட்பவர் யார்? வேலை கொடுப்போரின் விளம்பரங்கள் பத்தினைப் படித்துப் பார்க்க. அவற்றுள் எத்தனை அச்சான்றிதழைக் கேட்கின்றன என்று எண்ணுக. ஹிஞ்சவடியிலும் காரடியிலும் இத்தொழிலில் இருக்கும் நம்மவர் சிலரை விசாரித்தோம். தம்மிடம் நேர்முகத்தில் முதலில் கேட்டது, முன்னர் எழுதிய மாதிரிகளையே என்றனர். அடுத்து, அங்கேயே ஒன்றை எழுதித் தரச் சொன்னார்களாம். சான்றிதழ் இருந்தால் கூப்பிடும் பட்டியலில் பெயர் சற்று மேலே ஏறலாம். அதற்கு மேல் அது பேசுவதில்லை என்பது அவர்கள் கருத்து.

மாதிரி இல்லாதவர் என் செய்வது? இங்கேதான் பொருட்செலவின்றிக் கற்கத்தக்கவை பல உள. விமானங்களைப் பழுது பார்ப்போருக்கு எழுதுவதற்கென்று எளிமையாக்கப்பட்ட ஆங்கிலம் ஒன்றை ஐரோப்பிய விமானத் துறையினர் 1980களில் வகுத்தனர். இன்று ஏ.எஸ்.டி. எஸ்.டி.இ. 100 என்னும் பெயரில் அது வழங்குகிறது. உலகின் பல நாடுகளில் விமானத்தைத் திருகாணி கொண்டு முடுக்குபவனுக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. ஆதலின் அகராதியில் ஏறக்குறைய 900 பொதுச் சொற்களே அனுமதிக்கப்பட்டன. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். செயல்முறை கூறும் வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளையே இருத்தல் வேண்டும். கல்விப் படி பற்றிய நம் அறிவிப்பை இவ்விதிகளின்படி எழுதியிருந்தால் பதினொருவரும் பிழைத்திருப்பர்! அவ்விதிநூலை வேண்டுவோர்க்கு விலையின்றியே தருகின்றனர். பொருள்களுக்குரிய பயன்பாட்டுக் குறிப்புகளை ஆயத்தம் செய்வதற்கு 82079-1 என்னும் எண்ணுடைய உலகத் தரமும் உண்டு; 2012ஆம் ஆண்டில் வந்து 2019இல் திருத்தப்பட்டது. குறிப்பு எழுதுவோர்க்குத் தகுதி வேண்டும் என்பதையும் அத்தரம் வலியுறுத்துகிறது.

கணினியே இன்று எல்லாம் எழுதித் தந்துவிடுகிறதே, மனிதர் எதற்கு என்று கேட்போரும் உளர். எழுதித் தருகிறது, மறுக்கவில்லை. எழுதியது பெட்டிக்குள் இருக்கும் கம்பியோடு ஒத்திருக்கிறதா என்று திறந்து பார்ப்பவர் யார்? அந்தக் கண்ணும் பொறுப்பும் உடையவருக்கு வேலை குறையாது என்றே நம்புகிறோம்.

*

மறு ஞாயிறு பெரியவரும் மகளும் வந்தனர். அறிந்தவற்றைச் சொன்னோம். சங்கம் மூடிய செய்தி கேட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நல்ல வேளை, சங்கிலி வீட்டில்தான் இருக்கிறது" என்றார். முன்பணம் ஐயாயிரத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுக்கச் சொன்னோம். இதை எழுதும் நாள்வரை அப்பணம் வரவில்லை.

அப்பெண்ணிடம், "அம்மா, உங்கள் குடியிருப்பில் ஏதேனும் பொறி உண்டா?" என்று கேட்டோம். தண்ணீர் மோட்டார் ஒன்று உண்டு என்றும், அதை இயக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்றும், அவர் ஊருக்குப் போனால் நான்கு மாடிக்கும் தண்ணீர் இல்லை என்றும் கூறினாள். அதனை எவ்வாறு இயக்குவது என்று ஒரு பக்கத்தில் எழுதுமாறு சொன்னோம்.

மூன்று வாரம் ஆயிற்று. முதற் படியை மின்பணியாளரிடம் காட்டினாளாம். அவர் இரண்டு பிழைகளைச் சுட்டினார். இரண்டாம் படியைக் காவற்காரரிடம் கொடுத்தாள். மூன்றாவது வரியில் அவர் தயங்கி நின்றார். எந்த வால்வை முதலில் திறப்பது என்று அவ்வரி கூறவில்லை. வால்வுகளுக்குச் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் தீட்டி, படம் வரைந்து, மராத்தியிலும் இந்தியிலும் மூன்றாம் படி எழுதினாள். சென்ற வாரம், முன்பு மோட்டாரைத் தொட்டறியாத புதிய காவற்காரர் ஒருவர் அத்தாளைப் பார்த்தே, எவரையும் வினவாமல், தொட்டியை நிரப்பினாராம். இதனை நம்மிடம் கூறியபோது அப்பெண்ணின் முகத்தில் கண்ட மகிழ்ச்சி எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் காண்பதற்கு அரிது.

வேலை இன்னும் கிட்டவில்லை. போசரியில் சிறு தொழிற்சாலை ஒன்றில் அத்தாளையும் அதுபோன்ற வேறு இரண்டையும் காட்டி வந்திருக்கிறாள். மறுபடி வரச் சொல்லியிருக்கின்றனர். "வேலை கிடைத்தால், பின்னர் நல்ல சர்ட்டிபிகேட் ஒன்று என் சம்பளத்திலேயே எடுப்பேன் அண்ணா" என்கிறாள். அதுவே சரியான வரிசை என்பது நம் எண்ணம். செய்த வேலைக்குத் துணையாகச் சான்றிதழ் வரின் அது அணிகலன். வேலையின் இடத்தில் சான்றிதழ் வரின் அது கடன்.

நம் தந்தையாரின் இரண்டு தாள்களும் இன்று பழுத்து மடிப்பில் கிழிந்துவிட்டன. அவற்றைக் காட்டுமாறு அவரை இறுதியாகக் கேட்டவர் எவர் என்பது அவருக்கே நினைவில்லை. ஆயினும் இன்றும் மின்விசைப் பலகை முன் அமர்ந்தால், பார்வையைத் தாழ்த்தாமல் விரல்கள் தாமே ஓடுகின்றன. தம் பிள்ளைகளுக்காகத் தாள் தேடும் பெற்றோர், அத்தாள் கிழிந்த பின்னரும் கையில் நிற்பது யாது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பாராக.